பள்ளம் கிழக்கால

எங்கள் கம்ப்யூட்டரின் மூளையைக் கழற்றி, என் சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்து மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் பெங்களூர் பஸ் ஏறினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூளை பஸ்ஸில் போகிறதென்றால் கடையில் மேசைமேல் உட்கார்ந்திருப்பது என்ன? அது செத்துவிட்டதா, தூங்குகிறதா? கேட்டதற்கு, "நீ ஒண்ணும் கேக்காத புள்ள, எனக்கே பாதிதான் தெரியும்" என்றார். பாதி தெரிந்தவரை நம்பித்தான் என் வாழ்க்கையே அப்போது நின்றுகொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு மேற்கே ஒரு தெருவில் எங்களுக்கு இரண்டு அறை. முன்னறை கடை, பின்னறை வீடு. அவர் ரேடியோ, டேப் ரெக்கார்டர் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பெங்களூரில் வேலை பார்த்தவர். அங்கே ஏதோ ஓர் ஆபீசில் பழையதென்று ஒதுக்கிய கம்ப்யூட்டரை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கடையில் வைத்தார். கால் மணி நேரம் விளையாட ஒரு ரூபாய் என்று வாசலில் சாக்பீஸால் எழுதிப் போட்டோம்.

விளையாட வந்தவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? காலேஜ் பையன்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் எல்லாம் பஸ் டிரைவர்களும் கண்டக்டர்களும். டிரிப்புக்கு டிரிப்பு நடுவில் அரைமணி நேரம் கிடைத்தால் எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். அதில் ஒரு கார் ஓட்டுகிற விளையாட்டு இருந்தது. காலையிலிருந்து சேலத்துக்கும் தருமபுரிக்கும் நிஜ பஸ் ஓட்டிக் கை கடுத்துப் போன மனுசர், ஓய்வு நேரத்தில் ரூபாய் கொடுத்துப் பச்சைத் திரையில் கார் ஓட்டுவார். இதில் என்ன சுகம் என்று நான் கேட்டதற்கு, "இங்க ஏத்தி இறக்கற தொல்லை இல்லீங்களே தங்கச்சி" என்றார் ஒருத்தர்.

ஆனால் அந்தக் கார் திக்கித் திக்கித்தான் ஓடும். பெட்டி பழசு, விளையாட்டு புதுசு. வளைவு வந்தால் படம் அப்படியே நிற்கும், பிறகு ஒரே தாவாகத் தாவும், அதற்குள் கார் பள்ளத்தில் கிடக்கும். "இழுவையே இல்லீங்க. மேட்டுல செகண்டு கியர்ல போற மாதிரி இருக்குது" என்று டிரைவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஐப்பசியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இன்னொரு கடை வந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் டர்போ என்று ஒரு பட்டன் இருக்கிறதாம், அமுக்கினால் வேகம் கூடுமாம். டிரைவர்களிடம் போய் அப்படி ஒரு பட்டனைக் காட்டினால் சும்மா இருப்பார்களா? ஒரே வாரத்தில் எங்கள் பெஞ்சு காலியானது.

என் மாமனாருக்குப் பக்கத்தில் இண்டூரில் தக்காளித் தோட்டம், கொல்லை என்போம். கடை ஈயோட்டுகிற சேதி அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? நேரில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனிடம் சொன்னார். "டேய், தை பொறக்கறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணு தெரியணும். இது ஓடலன்னா மூட்டையக் கட்டிக்கினு ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்து சேருங்க. கொல்லையில ஆளில்லாம நான் ஒருத்தன் கெடந்து அல்லாடறேன்." இவர் தலையாட்டினார். இவர் அவரிடம் எப்போதும் தலையைத்தான் ஆட்டுவார்.

எனக்கு அங்கே போக மனசில்லை. இண்டூர் வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை, வையவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அங்கே பதினோரு பேர். விடிந்ததிலிருந்து அடையும்வரை யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே எனக்கு மத்தியானம் என்று ஒன்று இருந்தது. அவர் ரிப்பேர் எடுக்கவோ பார்ட்ஸ் வாங்கவோ போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நானே அந்தப் பெட்டிமுன் உட்காருவேன்.

கார் இல்லை, எனக்கு அது பிடிக்காது. இன்னொரு விளையாட்டு. மண்ணைக் குடைந்து குடைந்து போய்க் கல்லைப் பொறுக்க வேண்டும், பூதங்கள் துரத்தும், தலைமேல் மூட்டையைத் தள்ளி அவற்றை நசுக்க வேண்டும். ஐயோ, எனக்கு அதில் இருந்த வெறி! பத்துக் கட்டம் தாண்டிப் போவேன். என் வீட்டுக்காரருக்கு நாலு கட்டம் தாண்டத் தெரியாது. இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு பொம்பளை விளையாடுகிறாள் என்பதை எந்த வாயால் சொல்வது? அவர் வந்து தட்டினால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்த் திறப்பேன்.

அதனால் பெட்டி பிழைக்க வேண்டும். வேறு புதுப் பெட்டி வாங்குவதென்றால் கொல்லையில் பாதியை விற்க வேண்டும். அப்போதுதான் அவருடைய பெங்களூர்ச் சிநேகிதர் ஒரு கடிதம் எழுதினார். பெட்டிக்குள் ப்ராசஸர் என்று ஒரு சில்லு இருக்கிறது, அதுதான் மூளை. அதே அளவில், அதே நாற்பது காலோடு வேறொரு கம்பெனி கொஞ்சம் வேகமான சில்லு போட்டிருக்கிறது. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், மற்ற எதையும் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

எனக்கு இது பிடிபடவே இல்லை. "அதே சைசு, அதே காலு. அப்புறம் வேகம் எங்கேருந்துங்க வரும்?" என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "உள்ளார வேற மாதிரி" என்றார். உள்ளே வேறு மாதிரி என்றால் எப்படி வேறு மாதிரி? அது அவருக்கும் தெரியாது. ஆனாலும் மிக்ஸி வாங்க நான் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்தேன். அம்மியில் இன்னும் ஒரு வருஷம் அரைத்தால் கை ஒடிந்தா போய்விடும்?

பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டபோது அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். "நெசமாவே போடலாம்ங்கறியா?" என்றார். "பின்ன என்னங்க? வேற வழி?" என்றேன். "சரி" என்றார். அந்தச் சரியில் ஒரு சுரத்தே இல்லை. பணத்தை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பம்புசெட்டுக்கு வாஷர் வாங்கப் போனாலும் பழைய வாஷரைக் கையில் எடுத்துப்போய்க் காட்டி வாங்குகிறவர்கள் நாங்கள். சில்லுக்கும் அதே முறைதான். மாதிரி காட்டாமல் வாங்கினால் ஏமாற்றிவிடுவார்கள் என்று அவர் பெட்டியை இருந்த இடத்திலேயே திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, பழைய சில்லை எடுத்தார். கறுப்பாக, நீளமாக, இரண்டு பக்கமும் கால் வைத்துப் பூரான் போல இருந்தது. அதன் ஒரு முனையில் அரைவட்டமாகச் சின்னப் பள்ளம்.

"இந்தப் பள்ளம் எந்தப் பக்கம் இருந்துச்சோ, புதுசுக்கும் அந்தப் பக்கமேதான் இருக்கணும். மாத்திப் போட்டா வெந்துபூடும். எழுதி வையி புள்ள" என்றார். எழுதி வைத்தேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நல்ல கொட்டை எழுத்தில் எழுதினேன். பள்ளம் கிழக்கால.

எங்கள் பக்கத்தில் இடது வலது என்று யார் சொல்கிறார்கள்? கிழக்கால, மேக்கால, தெக்கால, வடக்கால, அவ்வளவுதான். சோற்றுப் பானையை நகர்த்துவதென்றாலும் "கொஞ்சம் மேக்கால தள்ளு" என்பார்கள். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது என் மாமியார், "கெழக்கால கன்னத்துல பவுடரு திட்டுத் திட்டா இருக்குது பாரு" என்றார். நான் திரும்பி நின்றால் அது மேற்குக் கன்னம் ஆகிவிடும். அப்போது சிரித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

பஸ் ஏறிய இரண்டாம் நாள் காலையில் அவர் திரும்பி வந்தார். புதுச் சில்லு கறுப்புப் பஞ்சில் கால் குத்தி வைத்து வந்தது. அச்சு அசல் பழையதே போல. எதற்கு இத்தனை பணம் கொடுத்தோம் என்று மறுபடியும் குழம்பினேன். மேலே இருந்த எழுத்துதான் வேறு. பழையதைக் கொடுத்தால் விலையைக் குறைக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னாராம், இவர் கொடுக்காமல் கொண்டுவந்துவிட்டார். "ஏங்க, இருக்கற பண முடையில அதையும் குடுத்துட்டு வந்திருக்கலாமில்ல?" என்று சத்தம் போட்டேன். "கெடக்கட்டும் வுடு" என்றார்.

பெட்டி உள்ளே மேற்குச் சுவரோரமாக, தெருவைப் பார்த்து இருந்தது. அங்கே வெளிச்சம் போதாது. இரண்டு பேருமாகத் தூக்கி வந்து வாசலோரம் ஸ்டூல்மேல் வைத்தோம். வழக்கம்போலப் பெட்டியின் முகம் எங்களைப் பார்த்து இருக்கும்படிதான் வைத்தோம். நாங்கள் உள்பக்கம் நின்றோம், எதிரே தெரு, அதற்கும் கிழக்கே பஸ் ஸ்டாண்டு. நல்ல வெளிச்சம். சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

"என்னா எழுதியிருக்க?" என்றார்.

"பள்ளம் கிழக்காலங்க."

அவர் தலையை நிமிர்த்திப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். சில்லின் பள்ளத்தை அந்தப் பக்கம் திருப்பினார். நாற்பது காலையும் நாற்பது துளையில் நேராக வைத்து, இரண்டு கட்டை விரலாலும் ஒரே சீராக அமுக்கினார். சடக்கென்று உட்கார்ந்தது. "போடட்டுமா?" என்றார். "போடுங்க, போடுங்க" என்றேன்.

சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியிருப்பேன், பெட்டிக்குள்ளிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. கருகல் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. "ஐயையோ, அணைங்க, அணைங்க!" என்று நான் கத்தினேன். அவர் அவசரமே படாமல் சுவிட்சை அணைத்தார். அணைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சை விட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"அப்பாடா."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மிக்ஸிப் பணம் புகையாகப் போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனுசன் அப்பாடா என்கிறார். வயல் வேலை முடித்துக் கால் நீட்டுகிறவர்கள் சொல்கிற அப்பாடா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"என்னது? இப்ப என்னா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அப்பாடான்னீங்க. நான் செவுடு இல்ல."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு இது ஒத்து வரல புள்ள. ரேடியோன்னா தெறந்து பாத்தா தெரியும், இங்க போவுது, இங்க வருதுன்னு. இது என்னான்னே தெரியாம தெரிஞ்ச மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன். எவன் வந்து என்னா கேப்பானோன்னு தெனமும் பயம். ஆறு மாசமா ஊருக்கே போயிரலாம்னு இருக்குது. புகை வந்ததும், சரி, முடிஞ்சுது, இனிமே யாருக்கும் பதில் சொல்ல வேணாம்னு தோணிச்சு. வாயில வந்துருச்சு."

"அப்ப நானு?"

"உனக்கு என்னா? நீ எனக்கோசரம்தான இந்த ஓட்டக் கூண்டுல கெடந்த? அங்க வந்தா நாலு பேரோட நிம்மதியா இருப்ப."

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை கொட்டும், தெருவே திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. யாருடைய ஆசைக்கு யார் இரண்டு வருஷமாகக் காவல் இருந்தோம் என்று தலை சுற்றியது. இது அவருடைய கனவு, நான் கூட நிற்கிறேன் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லிக்கொண்டேன்? அவருக்கு வேண்டாமாம். அப்படியானால் தை வருகிறதே என்று ராத்தூக்கம் கெட்டது யாருக்காக?

எழுந்து போய்ப் பெட்டியைக் குனிந்து பார்த்தேன். வெந்த சில்லைத் தொட்டால் சுட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே நெம்பினேன். சில்லு உட்காருகிற இடத்தில் அட்டையாகத் தூசி. முந்தானையால் துடைத்தேன். அங்கேயே, அந்தச் சட்டத்திலேயே, அரைவட்டமாக ஒரு பள்ளம் அச்சாகியிருந்தது. அது என்னைப் பார்த்து இருந்தது. பெட்டியின் முகம் இருந்த பக்கம். உள்ளே சுவரோரம் இருந்தபோது பெட்டியின் முகம் கிழக்கு, வாசலுக்குத் தூக்கி வந்ததும் அதே முகம் மேற்கு. பெட்டியைத் திருப்பினோம், கிழக்கை யார் திருப்ப முடியும்? நான் எழுதியதும் சரி, அவர் மாட்டியதும் சரி, சில்லு மட்டும் தலைகீழ். தலையில் அடித்துக்கொண்டேன்.

சோப்பு டப்பாவை வாங்கி, பழைய சில்லை எடுத்து, பள்ளத்துக்கு நேராகப் பள்ளத்தை வைத்து அமுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். கீச்சென்று ஒரு சத்தம், திரையில் பச்சையாக எண்கள் ஓடின. உயிர் வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்படியே நின்றபடி மண்ணைக் குடைகிற விளையாட்டைப் போட்டு ஆட ஆரம்பித்தேன், அவர் கண் முன்னாலேயே, தெருக் கதவு திறந்திருக்க. முதல் கட்டம் போனது. நாலாவது போனது. ஏழாவதில் அவர் பெஞ்சிலிருந்து எழுந்து என் பின்னால் வந்து நின்றார். பத்தாவதில்தான் பூதம் என்னைப் பிடித்தது.

"எப்பப் புள்ள கத்துக்கின?" என்றார். குரலே மாறிவிட்டிருந்தது.

"நீங்க இல்லாதப்பல்லாம். எனக்கு இங்கதாங்க இருக்கணும். உங்களுக்கோசரம் இல்ல. எனக்கே இருக்கணும்."

சொல்லிவிட்டேனே தவிர, சொன்னது நான்தானா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. அவர் வெந்த சில்லைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில் மாமனார் வந்தார். மூட்டை கட்டியாயிற்றா என்று கேட்டார். இவர் தலையை ஆட்டுவார் என்று பார்த்தால், "பகல்ல நான் கொல்லைக்கு வர்றேம்பா, ராத்திரிக்கு இங்க வந்துருவேன். அவளை நீங்களே கேட்டுக்கங்க" என்றார். மாமனார் என்னைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் என்னிடம் கேட்டு நடந்த முதல் விஷயம் அதுதான். "நான் கடையப் பாத்துக்கறேங்க மாமா" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தப் பொட்டியே ஓடலன்னு இவன் சொன்னானே?" என்றார். "ஓடுதுங்க. அதுக்கும் ஆளு வர்றாங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா என்ன? "ஒரு மாசம் பாக்கறேன்" என்று சொல்லி, மகனைக் கூட்டிக்கொண்டு இண்டூர் பஸ் ஏறினார்.

அன்று பகல் முழுவதும் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாள் முழுதும் பெட்டி என்னுடையது, யாருக்கும் பயந்து ஆட வேண்டியதில்லை. ஆனாலும் ஆடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கிச் சட்டை எதுவும் எங்கள் பக்கம் திரும்பவில்லை, அந்த டர்போ கடையிலிருந்து கைதட்டலும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன.

பொழுது சாய அவர் வந்தார். காலெல்லாம் செம்மண், முகம் வெயிலில் கறுத்து, ஆனால் ரொம்ப நாளைக்கப்புறம் தெளிவாக இருந்தது. சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "எத்தினி பேரு புள்ள வந்தாங்க?"

"நாலு பேருங்க" என்றேன்.

ஒருத்தரும் வரவில்லை.